கல்கணக்கு: ஸ்கிரிப்டா ஓட்டுறதா, கம்பைல் பண்ணி ஓட்டுறதா

ஆத்தங்குடியில கையால தரைக்கல்லு, அதாவது டைல்ஸ், போடுற ஒரு பட்டறைக்கு சின்னதா ஒரு கமாண்ட் லைன் புரோகிராம் (டெர்மினல்ல பேரை அடிச்சு ஓட்டுறது) எழுதிக் குடுத்திருக்கேன், பேரு கல்கணக்கு, ஒரு ரூமுக்கு எத்தனை கல்லு வேணும்னு சொல்றது அதோட வேலை. ஒரே கணக்கை பைத்தான் ஸ்கிரிப்டாவும் (எழுதுனதை இன்னொரு புரோகிராம் படிச்சு ஓட்டுறது), சி மொழியில எழுதி கம்பைல் பண்ணியும் (மெஷினோட கட்டளையா மொதல்லயே மாத்தி வைக்கிறது), அப்புறம் கோ மொழியில எழுதி கம்பைல் பண்ணியும் வெவ்வேற மெஷின்ல ஓட்டிப் பாத்ததுல நெறைய விஷயம் பிடிபட்டுச்சு. ஒரு பேரை அடிச்சு என்டர் தட்டுனா ஓடணும், அவ்வளவுதான் பட்டறைக்காரருக்கு வேணும், ஆனா அந்த என்டருக்கு அப்புறம் உள்ள நடக்குறது ஸ்கிரிப்டுக்கு ஒரு மாதிரி, கம்பைல் பண்ணதுக்கு வேற மாதிரி. அது தெரிஞ்சாதான் வர்ற எர்ரருக்கு அர்த்தம் புரியும், அதுக்காகத்தான் இவ்வளவு விரிவா எழுதுறேன்.

மொதல்ல கணக்கு என்னன்னு சொல்லிடுறேன். 20 அடிக்கு 15 அடி ஹாலு, 10 இஞ்சு கல்லுன்னா நீளவாக்குல 24, அகலவாக்குல 18, மொத்தம் 432 கல்லு. ஆனா அது அப்படியே ஆர்டர் எடுக்க ஆகாது, ஏன்னா சுத்தி ஒரு வரிசை பார்டர் வரும், மூலைக்கு தனி டிசைன், உள்ளுக்கு தனி டிசைன். அப்ப மூலை 4, பார்டர் 76, உள்ளுக்கு 352. ஒவ்வொண்ணுக்கும் அச்சு வேற. கண்ணாடி மேல இரும்புச் சட்டம் வச்சு, அதுக்குள்ள டிசைன் அச்சை வச்சு கலரை ஊத்தி, அச்சை எடுத்துட்டு மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அதுக்கு மேல கலவை போட்டு மட்டம் பண்ணி, காய வச்சு, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுக்குறது. எல்லாமே கை வேலை. பார்டர்ல ரெண்டு கல்லு கொறைஞ்சுட்டா திரும்ப கலர் கரைக்கணும், கரைச்சா மொத தடவை வந்த அதே சாயல் அப்படியே வராதுன்னு அண்ணே சொல்வாக (பட்டறை வச்சிருக்கவுகளை நான் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன்), அது வரைக்கும் கொத்தனாரு வேலை நிப்பாட்டி உக்காந்திருப்பாரு. அதனால எண்ணிக்கை தப்பவே கூடாது.

மெஷின்னு பாத்தா, என்கிட்ட காரைக்குடி வீட்டுல இன்டெல் லேப்டாப், அதுல உபுண்டு 22.04 லினக்ஸ். பட்டறையில ஒரு ராஸ்பெரி பை 4 (சின்ன சைஸ் கம்ப்யூட்டர், இனிமே சுருக்கமா பைன்னு சொல்றேன்), அதுல இருக்குறது டெபியன் 11 லினக்ஸை அடிப்படையா வச்ச 64 பிட் ஓஎஸ். டவுன்ல இருக்குற அவுக கடையில ஒரு விண்டோஸ் லேப்டாப். இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராத ஜாதின்றதுதான் இந்த வேலையில நல்ல பாடமா அமைஞ்சது.

ஆரம்பம் பைத்தான். ஃபைலுக்கு தமிழ்லயே பேரு வச்சேன், கல்கணக்குன்னு. லினக்ஸ்ல ஃபைல் பேரு 255 பைட்டுக்குள்ள இருக்கணும், எழுத்தை பைட்டா மாத்தி வைக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு, கல்கணக்குன்றது புள்ளி, கொம்பெல்லாம் சேத்து 9 குறி, ஆக 27 பைட்டு, தாராளமா அடங்குது. டெர்மினல்ல எழுத்து கொஞ்சம் பிரிஞ்சு பிரிஞ்சு தெரியும், ஆனா கமாண்டு ஒழுங்கா வேலை செய்யும், மொத எழுத்தை அடிச்சு டேப் தட்டுனா மிச்சத்தை அதுவே போட்டுக்கும்.

இதை ரெண்டு விதமா ஓட்டலாம். ஒண்ணு, பைத்தான்3-ன்னு அடிச்சு இடம் விட்டு ஃபைல் பேரைச் சொல்றது. இதுல உண்மையில ஓடுற புரோகிராம் பைத்தான்தான், நம்ம ஃபைலு அதுக்குப் படிக்கக் குடுக்குற ஒரு தாளு மாதிரி. அதனால ஃபைலுக்கு படிக்கிற பெர்மிஷன் இருந்தாலே போதும். இன்னொண்ணு, ./ போட்டு ஃபைல் பேரை நேரா அடிக்கிறது. இப்ப நம்ம ஃபைலையே புரோகிராம்னு கெர்னல்கிட்ட (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) நீட்டுறோம், அதுக்கு எக்ஸிக்யூட் பெர்மிஷன் வேணும், இல்லைன்னா பெர்மிஷன் டினைடுன்னு நின்னுடும், சிஹெச்மாட் கமாண்டுல பிளஸ் எக்ஸ் குடுத்தாதான் நகரும். ஷெல்லு (நம்ம அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுறது) திருப்பித் தர்ற எக்ஸிட் கோடுலயே, அதாவது முடிவு நம்பர்லயே, இது தெரியும், 126ன்னா ஃபைலு இருக்கு ஆனா ஓட்ட முடியலை, 127ன்னா அப்படி ஒரு கமாண்டே கெடைக்கலை. எர்ரர் வந்தா மொதல்ல இந்த நம்பரைப் பாருங்க, பாதி நேரம் மிச்சமாகும்.

./ எதுக்குன்னு அண்ணே கேட்டாக. விண்டோஸோட பழைய கமாண்ட் பிராம்ட்ல நிக்கிற ஃபோல்டர்லயே மொதல்ல தேடும், அதனால வெறும் பேரு போதும். லினக்ஸ்ல பாத் வேரியபிள்ல எழுதியிருக்குற ஃபோல்டர்ல மட்டும்தான் தேடும், நிக்கிற எடம் அதுல சேத்தியில்லை. இது வேணும்னே அப்படி வச்சிருக்குறது, யாராவது ஒரு ஃபோல்டர்ல ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கமாண்டோட பேருல வேற எதையாவது போட்டு வச்சிருந்தா நம்ம தெரியாம அதை ஓட்டிடக் கூடாதில்ல. ./-ன்னா இங்க இருக்குற இதைத்தான் சொல்றேன்னு தெளிவா சொல்ற மாதிரி.

சரி, கெர்னல்கிட்ட ஃபைலை நீட்டியாச்சு, அது ஸ்கிரிப்டா கம்பைல் பண்ணதான்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஃபைல் பேரோட வாலைப் பாத்து இல்லை. மொத சில பைட்டைப் படிச்சுப் பாக்கும். #! ரெண்டும் முதல்ல இருந்தா, அதாவது 35, 33ன்ற ரெண்டு பைட்டு, இது ஸ்கிரிப்டு, அந்த வரியில மிச்சம் எழுதியிருக்குற புரோகிராமை எழுப்பி இந்த ஃபைலை அதுகிட்ட குடுன்னு அர்த்தம். இதைத்தான் ஷீபேங்னு சொல்றது. 1980 ஆரம்பத்துல பெல் லேப்ஸ்ல டென்னிஸ் ரிச்சி இதைக் கெர்னலுக்குள்ள கொண்டு வந்தாரு. கம்பைல் பண்ண லினக்ஸ் பைனரியா இருந்தா மொத பைட்டு 127, அதுக்கடுத்து ஈ, எல், எஃப்னு மூணு எழுத்து. விண்டோஸ் இஎக்ஸ்இ ஃபைலு எம், இசட்ன்ற எழுத்துல ஆரம்பிக்கும், அது மைக்ரோசாஃப்ட்ல இருந்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியோட பேர் எழுத்து. ஃபைல்னே ஒரு கமாண்டு இருக்கு, அதுக்கிட்ட எந்த ஃபைலைக் குடுத்தாலும் இது என்ன வகை, எந்தப் பிராசஸருக்குன்னு சொல்லிடும். இந்த வேலை முழுக்க எனக்கு அதிகமா கை குடுத்தது அந்தக் கமாண்டுதான்.

ரெண்டுமே இல்லாத ஃபைலா இருந்தா? இது பட்டறையிலயே நடந்துச்சு. அங்க கம்ப்யூட்டர் பாத்துக்குற தம்பி, # போட்ட வரி எல்லாம் கமெண்டுதானேன்னு மேல இருந்த அந்த மொத வரியை அழிச்சிட்டான். நியாயமான நினைப்புதான், பைத்தானைப் பொறுத்தவரைக்கும் அது கமெண்டுதான், கெர்னலுக்கு மட்டும்தான் அது வேற. இப்ப கெர்னல் இது எனக்குத் தெரிஞ்ச வகை இல்லைன்னு கையை விரிச்சிடும், ஆனா பேஷ்ன்ற ஷெல்லு அதோட விடாது, சரி இது ஷெல் ஸ்கிரிப்டா இருக்கும்னு தானே படிச்சு ஓட்ட ஆரம்பிச்சிடும். அடுத்த வரி இம்போர்ட் மேத். பைத்தான்ல அது கணக்கு மாட்யூலைக் கூப்பிடுறது. ஆனா அந்த மெஷின்ல இமேஜ்மேஜிக் போட்டிருந்துச்சு, அதுல இம்போர்ட்னு ஒரு கமாண்டு இருக்கு, திரையைப் படம் புடிக்கிறது அதோட வேலை. அதனால மவுஸ் அம்பு கூட்டல் குறியா மாறி நின்னுச்சு, எங்கயாவது கிளிக் பண்ணா மேத்-ன்ற பேருல ஒரு படத்தை ஃபோல்டர்ல போட்டுட்டு, அதுக்கப்புறம் சின்டாக்ஸ் எர்ரர்னு நின்னுச்சு. தம்பி எனக்குப் போன் பண்ணி, அண்ணே கல்கணக்கு அடிச்சா மவுசு பிளஸ் ஆயிடுதுன்னு சொன்னப்ப, ஷீபேங் வரி போயிருச்சுன்னு இங்கருந்தே சொல்ல முடிஞ்சது. கம்பைல் பண்ண ஃபைல்ல இந்த மாதிரி ஆள்மாறாட்டம் நடக்கவே நடக்காது.

அடுத்தது விண்டோஸ் கை பட்ட ஃபைலு. சேதாரம் நூத்துக்கு எவ்வளவுன்றதை அப்ப ஸ்கிரிப்டுக்குள்ளயே எழுதியிருந்துச்சு. கடையில இருந்தவுக நோட்பேட்ல தொறந்து மாத்தி பென்டிரைவ்ல அனுப்பிட்டாக. திரும்ப வந்த ஃபைலை ./ போட்டு ஓட்டுனா, அப்படி ஃபைலோ டைரக்டரியோ இல்லைன்னு வருது, ஃபைலு கண்ணு முன்னாடி இருக்கு. காரணம் என்னன்னா, வேற லைன் எண்டிங்ல சேவ் ஆனதால ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் ஒண்ணு கூடுதலா ஒட்டிக்கிச்சு, ஷீபேங் வரியில பைத்தான்3-க்குப் பின்னாடியும் ஒட்டிக்கிச்சு. கெர்னல் அதையும் பேர்ல சேத்துப் படிச்சு அப்படி ஒரு புரோகிராமைத் தேடுது. காணோம்னு அது சொல்றது நம்ம ஃபைலை இல்லை, அந்தப் புரோகிராமை. இதே ஃபைலை பைத்தான்3 போட்டு ஓட்டுனா ஜோரா ஓடும், ஏன்னா பைத்தானுக்கு அந்த ரெண்டு வரி முடிவும் ஒண்ணுதான். டாஸ்2யூனிக்ஸ்-னு ஒரு சின்ன கமாண்டு இருக்கு, அதை ஒரு தடவை ஓட்டுனா சரியாயிடும். பழைய விண்டோஸா இருந்தா இன்னொண்ணும் பாக்கணும், தமிழ் எழுத்து இருக்குற ஃபைலை அதோட நோட்பேட்ல யூடிஎஃப்-8ன்னு சேவ் பண்ணா தலைப்புல மூணு பைட்டு பிஓஎம்-னு சேந்துடும், அப்ப #! மொத பைட்டா இருக்காது, கெர்னலுக்கு அது ஸ்கிரிப்டாவே தெரியாது. தமிழ்ல எழுதுற நமக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம் வரும்.

இதுக்கு அப்புறம்தான் கம்பைல் பண்ணிப் பாப்போம்னு சி-ல எழுதுனேன். கணக்கு சின்னதுதான், ஆனா அண்ணே இன்னொரு வசதியும் கேட்டிருந்தாக, பழைய வீடுகள்ல முகப்பு, பட்டாலை, ரெண்டாங்கட்டு, உள்ரூம்புன்னு ஒவ்வொண்ணும் ஒரு அளவு, சுவரோரம் கல்லை வெட்டித்தான் போடணும், ஒரு ரூம்ல வெட்டுன துண்டு இன்னொரு ரூம்ல எங்கயாவது உக்காருமான்னு பாத்துச் சொல்லணும். இது சேர்க்கையா பெருகிக்கிட்டே போற கணக்கு, பை மெஷின்ல பைத்தான் இதுக்கு ரொம்ப நேரம் எடுத்துச்சு, வாடிக்கையாளரை உக்கார வச்சுக்கிட்டு காட்ட முடியாத அளவுக்கு. சி-ல அது டக்குன்னு முடிஞ்சிருச்சு. வெறும் எண்ணிக்கை கணக்குக்கு ரெண்டுக்கும் உணர்ற மாதிரி வித்தியாசம் கெடையாது, அதையும் சொல்லணும், வேகத்துக்காக எல்லாத்தையும் கம்பைல் பண்ணணும்னு கெளம்ப வேண்டாம்.

லேப்டாப்ல ஜிசிசின்ற கம்பைலரை வச்சு கம்பைல் பண்ணேன், சுமார் 16 கேபிக்கு ஒரு பைனரி வந்துச்சு, இங்க நல்லா ஓடுது. ராஸ்பெரி பைக்குக் கொண்டு போனா எக்ஸெக் ஃபார்மட் எர்ரர். இது எதிர்பாத்ததுதான், லேப்டாப்போட பிராசஸர் எக்ஸ்86 வகை, பையோடது ஏஆர்எம் வகை, ஒண்ணோட கட்டளை இன்னொண்ணுக்குப் புரியாது. ஸ்கிரிப்டுக்கு இந்தக் கவலையே இல்லை, அங்க இருக்குற பைத்தான் அங்கத்த பிராசஸருக்காக கம்பைல் பண்ணது, நம்ம தாளை அது படிச்சுக்கும். சரின்னு லேப்டாப்லயே ஏஆர்எம் கிராஸ் கம்பைலரை (இங்க இருந்தே வேற பிராசஸருக்குக் கட்டுறது) போட்டு திரும்ப எடுத்துட்டுப் போனேன். இப்ப வகை சரி, ஃபைல் கமாண்டும் ஏஆர்எம் 64னு சொல்லுது, ஆனா ஓட்டுனா ஜிலிப்சி (சி புரோகிராமுக்கு வேண்டிய பொது லைப்ரரி) 2.34 இல்லைன்னு வருது. உபுண்டு 22.04ல இருக்குறது ஜிலிப்சி 2.35, டெபியன் 11ல 2.31. சாதாரணமா கம்பைல் பண்ண பைனரி தனியாளு இல்லை, பொதுவான லைப்ரரியை ஓடுற நேரத்துலதான் போய் கோத்துக்கும், புதுசுல கட்டுனது பழசுல கோக்காது, பழசுல கட்டுனது புதுசுல பெரும்பாலும் கோத்துக்கும். அதனால சி-ன்னா எந்த மெஷின்ல ஓடணுமோ அதுலயோ, அதை விடப் பழசுலயோ கம்பைல் பண்றதுதான் பத்திரம். இல்லைன்னா ஸ்டாட்டிக்கா கட்டலாம், லைப்ரரியும் உள்ளயே வந்துடும், ஃபைலு சைஸ் பல நூறு கேபிக்கு ஏறும், இன்னைக்கு அது ஒரு பெரிய விஷயம் இல்லை. நான் பைலயே ஜிசிசி போட்டு அங்கயே கம்பைல் பண்ணிட்டேன்.

இதை அண்ணேகிட்ட விளக்குனப்ப அவுகளே ஒரு வார்த்தை சொன்னாக, "அப்ப ஸ்கிரிப்டுங்கிறது கலவை தம்பி, போற எடத்துல கொத்தனாரு இருக்கணும், கம்பைல் பண்ணது காஞ்ச கல்லு, ஆனா தரையோட அளவுக்கு வார்த்திருக்கணும்." எனக்கு இதை விட நல்லா சொல்ல வராது.

கடை லேப்டாப்புக்கு வருவோம். அங்க பைத்தான் இல்லை, பைத்தான்னு அடிச்சா ஸ்டோர் பக்கம்தான் தொறக்குது, அந்த மெஷின்ல பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுறதால புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ண அவுகளுக்கு மனசில்லை, அதுவும் சரிதான். இங்கதான் கோ-வுக்கு மாறுனேன். லேப்டாப்ல உக்காந்துக்கிட்டே எந்த ஓஎஸ், எந்தப் பிராசஸர்னு ரெண்டு என்விரான்மென்ட் வேரியபிள் குடுத்து கோ பில்டு அடிச்சா, பைக்கு ஒண்ணு, விண்டோஸுக்கு ஒரு இஎக்ஸ்இ, எல்லாம் வந்துடுது. சி லைப்ரரியைத் தொடாம எழுதுன கோ புரோகிராம்ன்றதால அந்த ஜிலிப்சி வம்பும் இல்லை. சைஸ் ஒண்ணு ரெண்டு எம்பின்னு ஆகுது, பரவாயில்லை. விண்டோஸ் கமாண்ட் பிராம்ட்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமா தெரிஞ்சதால அங்க மட்டும் ஆங்கில எழுத்துல பேரு வச்சேன். கடைக்காரவுக அதை ஒரு ஃபோல்டர்ல போட்டு, நீளம் அகலம் அடிச்சு, வந்த எண்ணிக்கையை அப்படியே எஸ்டிமேட்ல எழுதுறாக.

கோ ரன்னு ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், பாக்குறதுக்கு ஸ்கிரிப்டு ஓட்டுற மாதிரியே இருக்கும். உண்மையில அது டெம்ப் ஃபோல்டர்ல கம்பைல் பண்ணி, ஓட்டி, அப்புறம் அழிச்சிடுது. எழுதிச் சரி பாக்குற வரைக்கும் அது சௌகரியம். ஆனா வேற ஸ்கிரிப்டுல இருந்து கூப்பிட்டு எக்ஸிட் கோடை நம்பி வேலை செய்யணும்னா கோ ரன் ஆகாது. அளவு தப்பா இருந்தா 2, ஃபைலு இல்லைன்னா 3ன்னு நான் புரோகிராம்ல வச்சிருந்தேன், கோ ரன் வழியா ஓட்டுனா எல்லாத்துக்கும் 1தான் வெளிய வருது, உள்ள வந்த நம்பரை எழுத்துல மட்டும் காட்டும். ஜாவாவுலயும் இப்ப இந்த மாதிரி வசதி இருக்கு, 2018ல வந்த ஜாவா 11ல இருந்து ஒத்தை சோர்ஸ் ஃபைலை நேராவே ஜாவா கமாண்டுக்குக் குடுக்கலாம், தனியா கம்பைல் பண்ண வேண்டியதில்லை. பைத்தானும் உள்ளுக்குள்ள பைட்கோடா (பைத்தானுக்கு மட்டும் புரியுற கட்டளை) கம்பைல் பண்ணித்தான் ஓட்டுது, இம்போர்ட் பண்ற மாட்யூலை பைகேச் ஃபோல்டர்ல சேத்து வைக்கும், நேரா ஓட்டுற மெயின் ஃபைலை மட்டும் சேத்து வைக்காது. அதனாலதான் பெரிய கணக்கை ஒரு மாட்யூலா பிரிச்சு வச்சுட்டு மெயின் ஃபைலை ரெண்டு மூணு வரியில முடிக்கிறது நல்லது.

பென்டிரைவ் விஷயம். பட்டறையில நெட்டு சரியா கெடைக்காது, அதனால எல்லாம் பென்டிரைவ்லதான் போகும். அது ஃபேட் ஃபார்மட், அதுல எக்ஸிக்யூட் பெர்மிஷன்னு ஒண்ணை எழுதி வைக்கவே எடம் கெடையாது, சிஹெச்மாட் அடிச்சாலும் ஒண்ணும் மாறாது. ஸ்கிரிப்டை பைத்தான்3 போட்டு பென்டிரைவ்ல இருந்தே ஓட்டலாம், ஏன்னா அது படிக்கிறது மட்டும்தான். பைனரியை ஹோம் ஃபோல்டருக்கு காப்பி பண்ணி, பெர்மிஷன் குடுத்துத்தான் ஓட்டணும்.

ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்துறதுலயும் மூணும் மூணு விதம். பைத்தான் மொத்த ஃபைலையும் மொதல்லயே படிச்சுடும், நடுவுல மாத்துனா ஓடிக்கிட்டு இருக்குறதுக்கு ஒண்ணும் ஆகாது. பேஷ் ஸ்கிரிப்டு அப்படி இல்லை, ஓட ஓடத்தான் கீழே படிச்சுக்கிட்டே போகும், ராத்திரி எல்லா ஆர்டரையும் வரிசையா பிரிண்டுக்கு அனுப்புற ஒரு பேஷ் ஸ்கிரிப்டு அங்க இருக்கு, அது பாதியில இருக்கும்போது மேல ரெண்டு வரி சேத்து அதே ஃபைல்ல சேவ் பண்ணா, அது எந்த எடத்துல இருந்து தொடரும்னு சொல்லவே முடியாது. கம்பைல் பண்ண பைனரி ஓடிக்கிட்டு இருக்கும்போது அது மேலயே புதுசை காப்பி பண்ணா கெர்னலே தடுத்துடும், டெக்ஸ்ட் ஃபைல் பிஸின்னு சொல்லும். வேற பேருல காப்பி பண்ணி, அப்புறம் எம்வி கமாண்டால பேரை மாத்தி அந்த எடத்துல வச்சா போதும், பழசு ஓடி முடிக்கும், அடுத்த தடவை புதுசு வரும்.

இப்ப இருக்குற ஏற்பாடு என்னன்னா, பட்டறை பைல எண்ணிக்கை கணக்கு பைத்தான் ஸ்கிரிப்டாவே இருக்கு, ஏன்னா டிசைன் கூடும்போது தம்பியே உள்ள போய் ஒரு வரி சேத்துக்கணும், அவனுக்கு அது படிக்கிற மாதிரி இருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. துண்டு சேக்குற பெரிய கணக்கு மட்டும் கம்பைல் பண்ண பைனரி, ஸ்கிரிப்டு அதைக் கூப்பிட்டுக்கும், அதோட சோர்ஸும் பக்கத்து ஃபோல்டர்லயே இருக்கு, நான் இல்லாதப்ப யாரு வேணா திரும்ப கட்டிக்கலாம். கடையில வெறும் இஎக்ஸ்இ. கல்லு அளவு 8, 10, 12 இஞ்சு, சேதாரம், விலை எல்லாத்தையும் தனி டெக்ஸ்ட் ஃபைலா வெளிய எடுத்துட்டேன், நோட்பேட்ல மாத்துனாலும் வரி முடிவை ரெண்டு விதத்துலயும் படிக்கிற மாதிரி எழுதியாச்சு.

கடைசியா ஸ்கிரிப்டை, பாத்ல சேத்திருந்த ஹோம் ஃபோல்டர்ல இருந்து, பாத்லயே இருக்குற லோக்கல் பின் ஃபோல்டருக்கு நகத்துனப்ப ஒண்ணு வந்துச்சு, அதையும் எழுதிடுறேன். நகத்துனதும் அதே டெர்மினல்ல கல்கணக்குன்னு அடிச்சா பழைய எடத்தோட பேரைச் சொல்லி ஃபைலு இல்லைன்னுச்சு, புது டெர்மினல் தொறந்தா ஓடுது. பேஷ் ஒரு கமாண்டை ஒரு தடவை கண்டுபிடிச்சுட்டா அந்த எடத்தை ஞாபகம் வச்சுக்கும், ஒவ்வொரு தடவையும் பாத் முழுக்க தேடாது. ஹேஷ் கமாண்டுக்கு மைனஸ் ஆர் குடுத்தா ஞாபகத்தை அழிச்சுட்டு திரும்ப தேடும். எந்த ஃபைலு ஓடுதுன்னே சந்தேகம் வந்தா டைப்-ன்ற கமாண்டுக்கு மைனஸ் ஏ போட்டு பேரைக் குடுங்க, பாத்ல அந்தப் பேருல எத்தனை இருக்கு, எது மொதல்ல மாட்டும்னு வரிசையா காட்டிடும்.